ஏரிமேல் நடந்த அரியமுத்து

இருசம்மாள் தன் புருஷன் பெயரை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னபோது அவளுக்கு நாற்பது வயது இருக்கும். அதுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் கேட்டபோது பக்கத்து வீட்டுக் கலியம்மாளைக் கையால் காட்டினாள். ஓட்டர் லிஸ்ட் எடுக்க வந்த வாத்தியாருக்குப் பதில் சொல்லக் கொழுந்தன் ராசாங்கத்தைக் கூட்டிவந்து நிறுத்தினாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். மற்றவர்களுக்கு அது பழக்கம். இருசம்மாளுக்கு அது காவல். அவள் புருஷன் காணாமல் போய்ப் பன்னிரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது.

குறுவை அறுப்புக்குக் கொள்ளிடம் தாண்டிப் போன கூட்டத்தோடு போனவன் அவன். அறுப்பு முடிந்து எல்லோரும் திரும்பி வந்தார்கள். திருமழபாடிக்கு எதிர்க்கரையில், கூலி நெல் மூட்டையைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "நீங்க போங்க, நான் பின்னாடியே வரேன்" என்றானாம். மற்றவர்கள் பரிசலில் இக்கரை சேர்ந்து திரும்பிப் பார்த்தார்கள். மூட்டை வைத்த இடத்தில் இருந்தது. ஆள் இல்லை. ஐப்பசி மாதம், ஆற்றில் வெள்ளம். நான்கு நாள் தேடினார்கள். கீழே அணைக்கரை வரைக்கும் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். எந்தக் கரையிலும் உடம்பு ஒதுங்கவில்லை.

"உடம்பு கெடைக்கல இல்ல? அப்ப செத்தாங்கன்னு எப்படிச் சொல்றது?" என்று அன்றைக்குக் கேட்டவள், அதற்குப் பிறகு அதைப்பற்றி யாரிடமும் பேசவில்லை. தாலி கழுத்தில் இருந்தது. நெற்றியில் பொட்டு இருந்தது. களை பறித்தாள், கல் உடைக்கப் போனாள், பள்ளிக்கூடத்தில் சத்துணவு வந்ததும் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். கூடவே கலியம்மாளும் சேர்ந்தாள்.

அய்யம்பெருமாள் அந்த ஊருக்கு வந்தது எண்பத்தைந்தாம் வருஷம் ஆனி மாதம். பகல் இரண்டு மணி. பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து வகுப்புக்குப் போயிருந்தார்கள். சமையல் கொட்டகையில் இரண்டு பெண்களும் அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தோளில் தொங்கிய டேப் ரெக்கார்டரோடு வாசலில் நின்றவனைக் கலியம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

"யாரு சார் நீங்க? அரிசி கணக்கு பாக்க வந்தீங்களா?"

"இல்லக்கா. நான் குரும்பலூர். யூனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்றேன். பேச்சு ஆராய்ச்சி."

"பேச்சுல என்னாத்தைங்க ஆராயிறது?"

"எப்படிப் பேசுறோம்னு. நீங்க பேசினா இதுல பதிஞ்சு எடுத்துக்குவேன்."

"இவ பேச்சையா? பொட்டி வெடிச்சிரும்" என்று இருசம்மாள் அண்டாவுக்குள்ளிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள். அண்டாவுக்குள்ளிருந்து வந்தும் அந்தக் குரல் ஒவ்வோர் எழுத்தாகத் தெளிவாக இருந்தது. அய்யம்பெருமாள் அப்போதே முடிவு செய்துவிட்டான்.

அவன் வீட்டில் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவன். பட்டம் வாங்கிய முதல் ஆளும் அவன். அப்பா இன்னும் அடுத்தவர் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார். மகன் பின்லாந்து என்ற நாட்டின் மொழியைப் படிக்கிறான், ஒரு குளிர்காலம் முழுக்க அங்கேயே இருந்துவிட்டு வந்தான் என்பது ஊருக்குத் தெரியும். எதற்காக என்பது ஊருக்கும் தெரியாது. சில நாள் அவனுக்கும் தெரியாது.

யூராலிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த அந்த மொழியில் வேற்றுமைகள் பதினைந்து. வீட்டுக்குள் இருப்பதற்கு ஒன்று, வீட்டுக்குள்ளிருந்து வெளியே வருவதற்கு ஒன்று, உள்ளே போவதற்கு ஒன்று. ஒருவன் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டால் மரம் ஓர் உருபு எடுக்கும். வெட்டிக்கொண்டே இருந்தால் வேறோர் உருபு. முடிந்ததற்கும் முடியாததற்கும் பெயர்ச்சொல்லிலேயே வித்தியாசம் காட்டும் மொழி அது. நம் பக்கத்துப் பேச்சில் 'மரத்தை வெட்டினான்' என்பதற்கும் 'மரம் வெட்டினான்' என்பதற்கும் அப்படி ஏதாவது உண்டா என்பதுதான் அவனுடைய கேள்வி. பின்லாந்தில் ஒரு கிராமத்தில் சொல்லவைத்துப் பதிந்த நூற்றெண்பது பயிற்சி வாக்கியங்களைத் தமிழாக்கிப் பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஊர் ஊராகக் கொண்டுபோனான். அவன் புத்தகத் தமிழில் ஒரு வாக்கியம் படிப்பான். எதிரில் இருப்பவர் அதையே தன் பேச்சில் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த வாக்கியங்களில் வரும் ஆளுக்கு அங்கே மத்தி என்று பெயர். இங்கே அது மீனாகிவிடும். அதனால் தாள் தயாரிக்கும்போது விடுதி அறையில் உட்கார்ந்து, மனதில் வந்த ஒரு பெயரைப் போட்டிருந்தான்.

மறுநாள் காலியான இரண்டாம் வகுப்பு அறையில் மைக்கை இருசம்மாள் முன்னால் வைத்துவிட்டு முதல் வாக்கியத்தைப் படித்தான்.

"அரியமுத்து வீட்டுக்குள் இருக்கிறான்."

இருசம்மாள் கொஞ்ச நேரம் மைக்கைப் பார்த்தாள். பிறகு, "அவங்க வூட்டுக்குள்ள இருக்காங்க" என்றாள்.

"பேரைச் சேர்த்துச் சொல்லுங்கக்கா. அரியமுத்து..."

"அவங்க வூட்டுக்குள்ள இருக்காங்க."

மூன்றாவது முறையும் அதே பதில். கதவில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கலியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நாளெல்லாம் கேட்டாலும் அவ சொல்லமாட்டா சார். அது அவ வூட்டுக்காரரு பேரு. ஊருல உங்களுக்கு வேற பேரே கெடைக்கலியா?"

அய்யம்பெருமாள் டேப்பை நிறுத்தினான். வேறு பெயர் போட்டுக்கொள்ளலாம்தான். கருப்பண்ணன் என்று மாற்றி ஒரு மணி நேரம் பதிவும் செய்தான். தங்கியிருந்த அறைக்குப் போய்க் கேட்டபோதுதான் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளாக முப்பது பேரிடம் தேடியும் கலங்கலாகவே கிடைத்தது இந்த ஒருத்தியின் பேச்சில் பளிச்சென்று இருந்தது. முடிந்த வேலைக்கு ஒரு விதம், முடியாத வேலைக்கு ஒரு விதம், ஓரிடத்திலும் அவள் தடம் மாறவில்லை. ஆனால் எல்லோரிடமும் ஒரே பெயரில்தான் கேட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட்டது செல்லாது என்பது அவன் நெறியாளர் வைத்த சட்டம். ஆய்வேட்டின் பாதி அந்தப் பெயரில் மாட்டிக்கொண்டு நின்றது.

மறுநாள் போய் உட்கார்ந்ததும் சொன்னான்.

"அக்கா, இது உங்க வூட்டுக்காரர் இல்ல. இந்த அரியமுத்து வேற ஆளு. பின்லாந்துல இருக்கிறவரு."

"அந்த ஊர்லயும் இந்தப் பேரு வைக்கிறாங்களா?"

மத்தியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. "வைக்கிறாங்க" என்றான்.

அந்த ஒரு சொல்தான். பிற்பாடு எத்தனையோ தடவை அவன் அதைத் திருப்பிப் பார்த்திருக்கிறான். கெட்ட எண்ணம் இல்லை. வேலை நடக்க வேண்டும் என்ற அவசரம். படித்தவன் சொன்னால் நம்பிவிடுவார்கள் என்பது தெரிந்திருந்ததும் ஒரு காரணம். அதை ஒப்புக்கொள்ளத்தான் அவனுக்கு நாளாயிற்று.

இருசம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல் தரை. கல்லுக்குள் பழைய கடல் சிப்பிகள் இறுகிக் கிடக்கும். கட்டை விரலால் ஒரு சிப்பியைச் சுற்றித் தடவினாள். பிறகு நிமிர்ந்து, "சரி, படிங்க தம்பி" என்றாள்.

"அரியமுத்து வீட்டுக்குள் இருக்கிறான்."

"அரி... அரியமுத்து வூட்டுக்குள்ள இருக்காரு."

கதவருகில் கலியம்மாளின் சிரிப்பு நின்றுபோயிற்று. வெளியே வேப்பமரத்தில் கத்திக்கொண்டிருந்த காக்கைகளும் அடங்கியதுபோல் அய்யம்பெருமாளுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு தடையே இல்லை. அரியமுத்து வூட்டுலேருந்து வெளிய வந்தாரு. அரியமுத்து கோடாலியால மரம் வெட்டுனாரு. அரியமுத்துக்கிட்டேருந்து கடுதாசி வந்துது. அவள் 'வந்தான்' என்பதை 'வந்தாரு' என்று மாற்றிக்கொண்டாளே தவிர வேறெதிலும் பிசகவில்லை. முப்பத்தொன்றாவது வாக்கியத்தில்தான் நின்றாள்.

"அரியமுத்து ஏரிமேல் நடந்து போனான்."

"ஏரிமேல எப்படி நடக்கிறது? கரைமேலன்னு படிங்க."

"இல்லக்கா. ஏரிமேலதான். அங்க குளிர் காலத்துல தண்ணி அப்படியே கல்லு மாதிரி ஆயிடும். மனுசன் நடக்கலாம். வண்டி கூட ஓட்டலாம். நானே நடந்திருக்கேன்."

"தண்ணிமேல?"

"தண்ணிமேல."

"அப்ப அங்க இருக்கிறவங்க முங்கமாட்டாங்க."

அவன் வாக்கியத்தை மறுபடியும் படித்தான். அவள் அந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னபோது குரல் மாறியிருந்தது. அடுப்புச் சூடும் கரியும் போய், கல்யாணமான புதிதில் அவள் எப்படிப் பேசியிருப்பாளோ அப்படி இருந்தது.

அன்றிலிருந்து அவளே கேட்க ஆரம்பித்தாள். வாக்கியங்களுக்கு நடுவே, அண்டா கழுவும்போது, அவன் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது.

"அந்த வூடு கூரையா, ஓடா தம்பி?"

"மரக்கட்டை வீடுக்கா. சுவரெல்லாம் மரம்."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாரு? சோறு உண்டா?"

"ரொட்டி, மீனு, உருளைக்கிழங்கு."

"மீனுன்னா சரிதான். மீனு இருந்தா போதும்." சிறிது நேரம் கழித்து, "தனியாவா இருக்காரு?"

தாளில் இருப்பதைத்தான் அவன் சொன்னான். தாளில் அரியமுத்துவுக்கு ஒரு நாய் இருந்தது, ஒரு படகு இருந்தது, ஓர் அண்ணன் இருந்தான். பெண்டாட்டி இல்லை. "தனியாத்தான்" என்றான். இருசம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். அந்த ஆட்டலில் திருப்தி இருந்தது.

அவனுக்குள் ஏதோ உறுத்தியது. உருபு காட்டுவதற்காக யாரோ உட்கார்ந்து செய்த வாக்கியங்கள் அவை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. அவள் அவற்றை ஒன்றாகக் கோத்துக்கொண்டிருந்தாள். நூற்றுச் சொச்சம் வாக்கியம் தாண்டியதும் ஓர் ஆளின் முழு நாளும் அதில் இருந்தது: காலையில் எழுந்து வெளியே வருகிறார், விறகு வெட்டுகிறார், படகை இழுத்துக் கட்டுகிறார், யாரையோ எதிர்பார்த்து ஜன்னலருகில் நிற்கிறார். எதிர்பார்க்கப்படுகிற ஆளை அந்த மொழி முடியாத வேலையின் உருபில்தான் சொல்லும். அதை அவளுக்குச் சொல்லலாமா என்று நினைத்து, சொல்லாமல் விட்டான்.

கடைசிப் பக்கத்தில் 'இல்லாமல்' என்று வரும் வாக்கியங்கள். "அரியமுத்து இல்லாமல் அவள் தனியாக இருக்கிறாள்" என்று படித்தான்.

"அதை வுட்டுருங்க தம்பி" என்றாள் இருசம்மாள். "அது அவரு சமாச்சாரம் இல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகல். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எடுத்திருந்த அறையில் உட்கார்ந்து அவள் கேசட்டுகளை அட்டைகளில் எழுதிக்கொண்டிருந்தான். சுண்ணாம்புக் கல் லாரிகள் தெருவை அதிரவைத்துக்கொண்டு போயின. ஜன்னலைச் சாத்திவிட்டுக் காதில் மாட்டும் கருவியைப் போட்டுக்கொண்டான்.

அரியமுத்து வூட்டுக்குள்ள இருக்காரு.

ம்.

கையை நிறுத்தினான். திருப்பிப் போட்டான். அவள் குரல் முடிந்து அரை நொடி கழித்து, தூரத்திலிருந்து, ஆண் குரலில் ஒரு 'ம்'. கதை கேட்பவர் சொல்வதுபோல.

தன் குரலாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தான். ஆனால் பதிவின்போது மூச்சுச் சத்தம்கூட வரக்கூடாது என்று நெறியாளர் அவனைப் பழக்கியிருந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பான். நாடாவின் ஒரு சுற்றில் உள்ள ஒலி அடுத்த சுற்றில் மெலிதாகப் படிவது உண்டு. அப்படிப் படிந்தால் அவள் குரலே இரண்டாம் தடவை கேட்க வேண்டும், வேறு குரல் எப்படி வரும்? மற்ற முப்பது பேரின் கேசட்டுகளைப் போட்டுப் பார்த்தான். அவர்களும் அதே பெயரைத்தான் சொல்லியிருந்தார்கள். ஒன்றிலும் இல்லை. இவளே கருப்பண்ணன் என்று சொன்ன முதல் நாள் கேசட்டிலும் இல்லை. அரியமுத்து என்று அவள் சொன்ன இடங்களில் மட்டும், ஒவ்வொன்றுக்கும் பிறகு, பொறுமையாக ஒரு 'ம்'.

ஏரி வாக்கியத்துக்குப் பிறகு அது கொஞ்சம் பக்கத்தில் கேட்டது.

சாத்திய ஜன்னலைத் திறந்துவிட்டான். லாரிச் சத்தம் அவனுக்கு வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை அவன் அதைச் சொல்லவில்லை. ஆனால் இருசம்மாள், "நான் பேசுனதைக் கொஞ்சம் போடுங்களேன், எப்படி இருக்குன்னு பாப்பம்" என்று அவளாகவே கேட்டாள். மறுக்கக் காரணம் தோன்றவில்லை. சின்ன ஒலிப்பெட்டியில் அவ்வளவு நுணுக்கமாகக் கேட்காது என்று நினைத்துப் போட்டான்.

முதல் வாக்கியம் ஓடியது. தரையில் உட்கார்ந்திருந்த இருசம்மாள் எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். டேப் ஓடி முடிகிறவரை அப்படியே நின்றாள், வீட்டுக்குள் புருஷன் வந்தால் நிற்பதுபோல. அவள் முகத்தில் பயமே இல்லை. பயம் எல்லாம் அய்யம்பெருமாளிடம்தான் இருந்தது.

"என்னடி எழுந்து நிக்கிற?" என்றாள் கலியம்மாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"கால் மரத்துப் போச்சு" என்றாள் இருசம்மாள்.

ஆடி பிறந்த முதல் வாரத்தில் ராசாங்கம் அரியலூருக்கே அவனைத் தேடி வந்தான். அரியமுத்துவின் தம்பி. கல் குவாரியில் லாரி ஓட்டுகிறவன். சட்டையெல்லாம் வெள்ளைத் தூசி. அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"உள்ள வாங்கண்ணே" என்றான் அய்யம்பெருமாள்.

"இருக்கட்டும் சார். நான் சண்டைக்கு வரல. எங்க அண்ணன் பின்லாந்துல இருக்காருன்னு அண்ணி சொல்றாங்க. நீங்கதான் சொன்னீங்களாம்."

"நான் அப்படிச் சொல்லலை."

"பின்ன எப்படிச் சார் சொன்னீங்க?"

 ராசாங்கம் அவனையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"காணாமப் போனவங்களுக்குப் பன்னெண்டு வருசம் பாக்கணும்பாங்க. இந்த ஐப்பசியோட அது முடியுது. மூணு மாசம் முன்னாடின்னாலும் பரவாயில்லன்னு, வர்ற ஆடி அமாவாசைக்குத் திருமழபாடி ஆத்துல தர்ப்பையில உரு செஞ்சு காரியம் பண்ணிடலாம்னு பெரியவங்க முடிவு பண்ணிட்டாங்க. ஆவணியில என் மவளுக்குக் கல்யாணம் சார். செத்தாரா இருக்காரான்னு தெரியாத ஆளை வூட்டுல வச்சுக்கிட்டு சம்பந்தி வூட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? போன மாசம் வரைக்கும் அண்ணி மாட்டேன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. இப்ப, உசுரோட இருக்கிறவருக்கு என்னத்துக்குடா கருமாதிங்கறாங்க."

 குரல் இறங்கியது.

"எனக்கு அவரு அண்ணன் சார். அன்னைக்கு அந்தப் பரிசல்ல நானும் இருந்தேன். திரும்பிப் பாத்ததுல நானும் ஒருத்தன். அவருக்கு ஒரு வாய்த் தண்ணி வுட்டு முடிச்சா நானும் தூங்குவேன். நீங்க படிச்சவரு. வந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அது உங்க ஆளு, எங்க ஆளு இல்லன்னு."

அமாவாசைக்கு முதல் நாள் அய்யம்பெருமாள் போனான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அனுப்பிவிட்டிருந்தார்கள். ராசாங்கம் வகுப்பறைக்கு வெளியே நின்றுகொண்டான். இருசம்மாள் வழக்கம்போல் மைக்குக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். பதிவு செய்யத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தாளோ என்னவோ.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அரியமுத்து என்று ஒருவரும் அங்கே இல்லை. மத்தி என்பவனும் இல்லை. வேற்றுமை தெரிவதற்காக எழுதிய வெறும் வாக்கியங்கள். நாய் இல்லை, படகு இல்லை. தன் வேலை ஆக வேண்டும் என்பதற்காகப் பொய் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றான். பேசப்பேச அவன் பேச்சு புத்தகத் தமிழாக மாறிக்கொண்டு வருவது அவனுக்கே கேட்டது.

இருசம்மாள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"ஏரி?" என்றாள் கடைசியில்.

"ஏரி உண்மைதான். அது மேல நடக்கிறதும் உண்மை."

"சரி. இப்ப என்ன சொல்ல வரீங்க? அவங்க செத்துட்டாங்கன்னா?"

"அப்படித்தான் இருக்கணும்க்கா. பன்னெண்டு வருசம்..."

"இருக்கணும்னு சொல்லாதீங்க தம்பி. நீங்க கேட்டப்ப நான் அப்படியா சொன்னேன்? ஒரு எழுத்து மாறாம சொல்ல வச்சீங்கல்ல." அவள் மைக்கை எடுத்து அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள். "அந்தப் பொட்டியைப் போடுங்க. பேரோட சேர்த்து, முழுசா, நீங்க சொல்லுங்க. ஒரே ஒரு தடவை. சொல்லிட்டீங்கன்னா நாளைக்கு நான் ஆத்துக்கு வரேன். ராசாங்கம் கேக்கட்டும், அவனுக்கும் சாட்சி."

வெளியே ராசாங்கம், "சொல்லிடுங்க சார்" என்றான்.

அய்யம்பெருமாள் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினான். நாடா சுற்ற ஆரம்பித்தது. இரண்டு சொல் வாக்கியம். எழுவாயும் பயனிலையும் மட்டும், உருபுகூடத் தேவையில்லாத வாக்கியம். அவன் தாளில்கூட அதைவிடச் சின்னது கிடையாது.

"அரியமுத்து" என்றான்.

அதற்குமேல் வரவில்லை. அந்தப் பெயர் அறையில் நின்றது. அதற்குப் பின்னால் அரை நொடி. அந்த அரை நொடியில் யாரோ காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் காதால் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியும். கேசட்டில் நூறு தடவை கேட்டிருக்கிறான். முகத்துக்கு நேராக ஒருவரைப் பார்த்து நீ செத்துவிட்டாய் என்று சொல்வது எப்படி? மறுபடியும் பெயரைச் சொன்னான். மறுபடியும் வாய் நின்றது. மூன்றாவது தடவை பெயரே வரவில்லை. சுண்ணாம்புக் கல் தரையிலிருந்து உள்ளங்கால் வழியாக ஒரு குளிர்ச்சி ஏறியது. வெளியே ஆடி வெயில் கண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தில் மீதியிருந்த நாடா ஓடி முடிந்து டக்கென்று பொத்தான் எழும்பிற்று.

"முடியல இல்ல?" என்றாள் இருசம்மாள். ஜெயித்த குரல் இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையிடம் பேசுவதுபோல இருந்தது. "வுட்டுருங்க. யாருக்கும் முடியாது."

ராசாங்கம் லாரியை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் ஆற்றுக்கு யாரும் போகவில்லை. பெண்டாட்டி வராமல் அந்தக் காரியம் செய்ய முடியாது என்று புரோகிதர் சொல்லிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டான். ஆவணியில் கல்யாணம் நடந்தது. இருசம்மாள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, கழுத்தில் மஞ்சள் சரடோடு, பெண்ணுக்கு ஆரத்தி எடுக்க முன் வரிசையில் நின்றாள். ராசாங்கம்தான் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினான். சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

அய்யம்பெருமாளும் போயிருந்தான். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் இருசம்மாள் வந்து நின்றாள். இடுப்பில் செருகியிருந்த ஒரு நீலக் காகிதத்தை எடுத்தாள். வெளிநாட்டுக்குப் போகும் தபால் காகிதம். அரியலூர் போஸ்டாபீஸில் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

அவன் மறுக்கவில்லை. மறுக்கும் தகுதி தனக்குப் போய்விட்டது என்று நினைத்தான். பந்தல் காலில் வைத்து எழுதினான். ராசாங்கத்தின் மகளுக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை உடையார்பாளையம் பக்கம். மழை இன்னும் சரியாக இல்லை. நான் சௌக்கியம். அவ்வளவுதான் கடிதம். வா என்றோ, ஏன் வரவில்லை என்றோ ஒரு சொல் இல்லை.

"பேரு எழுதி, ஊரு எழுதுங்க" என்றாள்.

எழுதினான். தான் தங்கியிருந்த கிராமத்தின் பெயரை மட்டும் எழுதினான். வீட்டு எண் எழுதவில்லை, தெரு எழுதவில்லை. அங்கே நாற்பது வீடு. ஒவ்வொரு வீட்டையும் அவனுக்குத் தெரியும். அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை. அனுப்புநர் முகவரியில் தன் துறையின் முகவரியைப் போட்டான். கடிதம் கட்டாயம் திரும்பி வரும். கையில் கொண்டுபோய்க் காட்டலாம். வாயால் சொல்ல முடியாததைத் தபால்காரன் முத்திரை சொல்லிவிடும்.

ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாதங்களில், காலையில் துறைக்குப் போனதும் தபால் அலமாரியைத்தான் முதலில் பார்ப்பான். ஐப்பசி போயிற்று. கார்த்திகை, மார்கழி போயின. பொங்கல் கழிந்தது. நூலகத்துக்கு அனுப்பிய புத்தகப் பட்டியல் ஒன்று ஹெல்சிங்கியிலிருந்து முகவரி மாறி அலைந்து திரிந்துகூட வந்து சேர்ந்தது. அந்தக் கடிதம் வரவில்லை.

மறு வருஷம் ஆனியில், ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு, அந்த ஊருக்குப் போனான். கலியம்மாள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். இருசம்மாள் முறத்தில் பருப்பைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்து, "வாங்க தம்பி, எளைச்சுப் போயிட்டீங்க" என்றாள்.

"அக்கா, அந்தக் கடுதாசி..."

"திரும்பி வந்துச்சா?"

"இல்ல."

"பின்ன என்ன?" அவள் முறத்தை ஒரு தட்டு தட்டிப் பருப்பை ஓரம் ஒதுக்கினாள். "வாங்கிக்கிட்டாங்க."